விடுமுறையில் குறையும் நிறை



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மூன்று தடவை வாசித்தேன். முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கணவர் இல்லை. மூன்று பிள்ளைகள். மூத்தவர்கள் இருவரும் ஆரம்பப் பிரிவில் படிக்கிறார்கள், கடைசிக்கு மூன்று வயது. இவர் தோட்ட வேலைக்கும் கச்சான் பிடுங்கவும் போய்வருகிறார், அதுவும் கூப்பிட்டால்தான்.

"அக்கா, மற்றப் பிள்ளைகள் எல்லாம் எப்போது பள்ளிக்கூடம் விடும் என்று பார்த்திருக்குங்கள். எனக்குத் தவணை விடுமுறை வருகுதென்றால் நெஞ்சு பதறுது. பள்ளிக்கூடம் நடந்தால் இரண்டு பேருக்கும் ஒரு நேரச் சாப்பாடு அங்கே கிடைச்சிடும். விடுமுறையில் அந்த இரண்டு வயிறும் என்னட்டைத் திரும்பி வருகுது. வேலை கூடக் கிடைக்கிறதில்லை, பிள்ளைகளை விட்டுப்போட்டுப் போகவும் ஏலாது. இதை ஆரிட்டைச் சொல்லுறது? சொன்னால், பெத்த பிள்ளைக்குச் சோறு போட ஏலாதா எண்டு கேப்பினம்."

அந்தக் கடைசி வரிதான் என்னை இருத்தி வைத்தது. வயிற்றுக் கவலையை விட மற்றவர்களின் வாய்க்குப் பயந்திருக்கிறார். அதனால் இந்த மாதம் இதைப் பற்றியே எழுதுகிறேன். இவருடைய கேள்வி புதிதல்ல. நூறு வருடங்களுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. செல்வந்த நாடுகளே இதற்கு முன்னால் தடுமாறி நின்றிருக்கின்றன. அப்படி ஒரு நாட்டின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது பிரித்தானியா. உங்களில் பலருக்கு அங்கே ஒரு தம்பியோ சித்தப்பாவோ இருப்பார், ஆகவே முற்றிலும் அந்நியமான இடமும் அல்ல.

பிரித்தானியாவின் வட பகுதியில் பிராட்போர்ட் என்று ஒரு நகரம் இருக்கிறது. கம்பளி ஆலைகளுக்குப் பெயர் போனது. அந்தக் காலத்தில் ஆலையில் தாயும் தகப்பனும் வேலை செய்தும் பிள்ளைகள் பட்டினியுடன் பாடசாலைக்கு வந்தார்கள். பசித்த பிள்ளைக்குப் படிப்பிப்பது வீண்வேலை என்று மார்கரெட் மக்மில்லன் என்ற பெண்மணி அந்த நகரத்தின் கல்விச் சபையில் இருந்துகொண்டு ஓயாமல் வாதாடினார். தென்னாபிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் சேர்க்கப் போனபோதுதான் அரசாங்கத்துக்கும் கண் திறந்தது. வந்த இளைஞர்களில் ஏராளமானோர் உடல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். போருக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான் பிள்ளைகளின் எலும்பை எண்ணிப் பார்த்தார்கள் என்பதை வாசிக்கும்போது எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. எப்படியோ, 1906ஆம் ஆண்டு பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க உள்ளூராட்சி மன்றங்களுக்கு அனுமதி தரும் சட்டம் வந்தது. அனுமதி மட்டும்தான், கட்டாயம் இல்லை.

அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். அரசாங்கம் பிள்ளைக்குச் சோறு போட்டால் பெற்றோர் பொறுப்பற்றவர்களாகி விடுவார்களாம். எமது முல்லைத்தீவுச் சகோதரி பயப்படுகிற அதே வார்த்தை, கடல் கடந்து, நூறு வருடத்துக்கு முன்பு.

அடுத்த ஆண்டு, 1907இல், பிராட்போர்ட் நகரத்தில் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். ரால்ப் குரோலி என்ற பாடசாலை வைத்தியரும், சமையல் பாடத்துக்குப் பொறுப்பாக இருந்த மரியன் கஃப் என்ற பெண்மணியும் சேர்ந்து செய்தது. மிக வறிய பகுதிகளில் இருந்து நாற்பது பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, ஏப்ரல் முதல் ஜூலை வரை பாடசாலை நாட்களில் காலையில் கஞ்சியும் மதியத்தில் சமைத்த சாப்பாடும் கொடுத்தார்கள். மேசைக்குத் துணி விரித்து, பூவும் வைத்துத்தான் பரிமாறினார்களாம். ஏழைப் பிள்ளைகள்தானே என்று நினைக்கவில்லை. தராசில் நிறுத்து நிறுத்துக் கணக்கும் எழுதினார்கள். அப்படி உணவு பெறாத வேறு பிள்ளைகளையும் நிறுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சாப்பிட்ட பிள்ளைகளின் நிறை மற்றப் பிள்ளைகளை விட நன்றாகக் கூடியது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

நடுவிலே கிறிஸ்தவப் பண்டிகை ஒன்றுக்காகப் பாடசாலை ஒரு கிழமை மூடியது. சாப்பாடும் நின்றது. பாடசாலை திறந்ததும் நிறுத்துப் பார்த்தபோது பிள்ளைகளின் நிறை குறைந்திருந்தது. ஒரே ஒரு கிழமை. ஏறிக்கொண்டு போன கோடு அந்த இடத்தில் கீழே இறங்கி, திரும்பவும் சாப்பாடு தொடங்கிய பிறகே மேலே ஏறியது. வைத்தியர் அதை வரைபடமாகவே கீறி அறிக்கையில் சேர்த்தார்.

சகோதரிகளே, உங்கள் கையில் இருக்கும் பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் இருக்கும் நிறைக் கோட்டை நினைத்துப் பாருங்கள். பச்சையில் போகிற கோடு கீழே இறங்கினால் குடும்பநல உத்தியோகத்தர் உங்களை இருத்திவைத்துக் கேள்வி கேட்பார் அல்லவா? பிராட்போர்ட் வைத்தியரும் அதே வேலையைத்தான் செய்தார். ஆனால் அவர் தாயைக் கேள்வி கேட்கவில்லை. பாடசாலை மூடியதும் சாப்பாடு நின்றதைக் காட்டினார்.

1914இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பாடசாலை இல்லாத நாட்களிலும், விடுமுறையிலும், உள்ளூராட்சி மன்றங்கள் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கலாம் என்று எழுதினார்கள். பசிக்கு விடுமுறை கிடையாது என்பதை ஒரு நாட்டின் சட்டம் அன்றே ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் நூறு வருடம் கழித்து அதே நாட்டில் அதே வாதம் திரும்பவும் நடந்தது. கொடுக்கலாம் என்று எழுதுவதற்கும் கொடுக்க வேண்டும் என்று எழுதுவதற்கும் இருக்கும் தூரம் அவ்வளவு.

இனி 2020க்கு வருகிறேன். கொரோனாக் காலம். மார்ச் மாதம் பிரித்தானியப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடசாலையில் இலவச மதிய உணவு பெற்றுவந்த பிள்ளைகளுக்காக இங்கிலாந்தில் ஒரு பிள்ளைக்குக் கிழமைக்கு 15 பவுண் பெறுமதியான பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய்ப் பெரிய கடைகளில் சாப்பாட்டுப் பொருட்கள் வாங்கலாம். தொடக்கத்தில் அந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்யவில்லை. பற்றுச்சீட்டைப் பதிவிறக்க முடியாமல் இரவிரவாகக் காத்திருந்தவர்களும், சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்டு காசு கட்டும் இடத்துக்கு வந்த பிறகு சீட்டு வேலை செய்யாமல் வெறுங்கையோடு திரும்பிய தாய்மாரும் இருந்தார்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, எடுத்த சாமானைத் திரும்ப வைப்பது எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஜூலை கடைசியில் அங்கே கோடை விடுமுறை தொடங்கும். ஏறத்தாழ ஆறு கிழமைகள். விடுமுறைக்குப் பற்றுச்சீட்டு இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அப்போதுதான் மார்க்கஸ் ரஷ்போர்ட் என்ற உதைபந்தாட்ட வீரர் வாய் திறந்தார். மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்துக்கும் இங்கிலாந்து அணிக்கும் விளையாடியவர். அப்போது வயது 22.

இந்தப் பிள்ளையின் கதையை விட, எனக்கு அவரை வளர்த்த தாயின் கதைதான் பெரிது. ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தாய். முழு நேரமும் வேலை செய்தார், ஆனால் கிடைத்தது மிகக் குறைந்த சம்பளம். பிள்ளைகள் காலையில் பாடசாலையில் நடக்கும் காலை உணவுக் கழகத்திலும், மதியத்தில் இலவச உணவிலும், சில வேளைகளில் அயலவர்களின், பயிற்சியாளர்களின் தயவிலும் சாப்பிட்டு வளர்ந்தார்கள். மகன் நன்றாக விளையாடுகிறான் என்று தெரிந்ததும், பதினொரு வயதிலேயே அவனைக் கழகத்தின் தங்குமிடத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே போனால் வயிறாரச் சாப்பிடுவான் என்பதும் அதற்கு ஒரு காரணம். பிள்ளையைப் பிரிந்து சாப்பாட்டுக்காக விடுதியில் விட்ட தாய்மார் எம்மிடையே எத்தனை பேர்! அவர்கள் எவரும் பிள்ளையில் பாசமில்லாமல் விடவில்லை.

2020 ஜூன் 15ஆம் திகதி ரஷ்போர்ட் பாராளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். தான் பசியோடு வளர்ந்த பிள்ளை என்பதை மறைக்காமல் எழுதினார். தாய் உழைத்தார், ஆனாலும் போதவில்லை என்பதையும் எழுதினார். அரசாங்கம் முதலில் மறுத்தது. அடுத்த நாளே, ஜூன் 16ஆம் திகதி, பிரதமர் பொறிஸ் ஜோன்சனின் அரசாங்கம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 13 இலட்சம் பிள்ளைகளுக்கு, ஆறு கிழமைக்கும் சேர்த்து ஆளுக்கு 90 பவுண் பெறுமதியான பற்றுச்சீட்டு. மொத்தச் செலவு 120 மில்லியன் பவுண் என்று கணக்கிட்டார்கள். வேல்ஸ் அதற்கு முன்பே, ஏப்ரல் மாதத்திலேயே, தன் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறைக்கும் உணவு உண்டு என்று உறுதி கொடுத்துவிட்டது.

வெற்றி என்று கதை அத்துடன் முடியவில்லை. ஒக்டோபரில் திரும்பவும் ஒரு கிழமை விடுமுறை வந்தது. விடுமுறைகளுக்கும் உணவு கொடுக்க வேண்டும் என்று எதிர்க்கட்சி கொண்டுவந்த தீர்மானம் 21ஆம் திகதி பாராளுமன்றத்தில் 322க்கு 261 என்ற வாக்குகளால் தோற்றது. விவாதங்கள் நடந்தபோது, பற்றுச்சீட்டு சரியான கைக்குப் போய்ச் சேராது, போதைப்பொருள் விற்கும் இடத்துக்குத்தான் போகும் என்ற கருத்துப்பட ஓர் உறுப்பினர் எழுதியது பெரிய சர்ச்சையானது. தான் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்று அவர் பிறகு விளக்கம் கொடுத்தார். அவர் நினைத்தது எதுவாயினும், அந்தப் பேச்சு எமக்குப் பழகிய பேச்சுத்தான்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1996இல் நாங்கள் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த காலம். நிவாரண அட்டைக்குச் சங்கக்கடையில் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி கிடைக்கும். கிழமைக் கணக்கில் பிந்தியும் கிடைக்கும். என் அயலில் இருந்த ஒரு தாய் மாவில் ஒரு பகுதியைக் கொண்டுபோய் விற்றார். அந்த நேரம் நிவாரணம் கொடுக்கும் இடத்தில் இருந்த ஒருவர் எல்லோருக்கும் முன்னால் அவரை ஏசினார். "தாறதை வித்துத் தின்னுற சனம்" என்றார். அந்தத் தாய் பதில் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சொன்னார், விற்ற காசுக்கு இரண்டு தேங்காயும் கொஞ்சம் சூடை மீனும், சின்னவனுக்கு இருமலுக்கு மருந்தும் வாங்கினவராம். மூன்று மாதம் ரொட்டியும் பருப்பும் தின்ற பிள்ளைக்கு மீன் வேண்டும் என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. கணக்குக் கொப்பி வைத்திருந்தவருக்குத் தெரியவில்லை.

2021 ஜனவரியில் பிரித்தானியாவிலும் இதைப் போல ஒன்று நடந்தது. பாடசாலைகள் திரும்ப மூடப்பட்டபோது, பல இடங்களில் பற்றுச்சீட்டுக்குப் பதிலாக உணவுப் பொதி கொடுத்தார்கள். ஒரு தாய் தனக்குக் கிடைத்த பொதியை நிலத்தில் பரப்பிப் படம் எடுத்துப் போட்டார். ஒரு பாண், கொஞ்சம் சீஸ், இரண்டு உருளைக்கிழங்கு, இரண்டு கரட், ஒரு தக்காளி, சில பழங்கள், ஒரு தகரம் பீன்ஸ், இன்னும் சில சில்லறைகள். பத்து நாட்களுக்கு உரியது, 30 பவுண் பெறுமதி என்று அவர் விளங்கிக்கொண்டிருந்தார். கடையில் வாங்கினால் ஐந்து பவுண் அளவில் முடிந்துவிடும் என்று அவரே கணக்குப் போட்டார். பொதி கொடுத்த நிறுவனம், அது ஐந்து நாளுக்கு உரியதென்றும் விலை வேறென்றும் சொன்னது. ஆனாலும் மன்னிப்புக் கேட்டது. நாடு முழுவதும் எழுந்த கோபத்தால் பாடசாலைகளுக்குத் திரும்பவும் பற்றுச்சீட்டு கொடுக்கும் வழி திறக்கப்பட்டது. அந்தத் தாய் செய்தது ஒன்றுதான். கிடைத்ததைப் பரப்பி வைத்து எண்ணினார்.

ஒக்டோபர் வாக்கெடுப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் மறுத்த அடுத்த நாட்களில், நாடெங்கும் சிறிய தேநீர்க்கடைகளும் உணவகங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் விடுமுறைக் கிழமைக்குப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சாப்பாடு தருகிறோம் என்று அறிவித்தன. கொரோனாவால் வியாபாரம் படுத்துப்போய் இருந்த கடைக்காரர்களும் அதில் இருந்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மனுவில் ஒப்பமிட்டார்கள். நவம்பர் 8ஆம் திகதி அரசாங்கம் இரண்டாவது தடவையாகத் திரும்பியது. குளிர்காலத்துக்கு 170 மில்லியன் பவுண் ஒதுக்கியது. அத்துடன், 2018இலிருந்து சில இடங்களில் மட்டும் பரீட்சார்த்தமாக நடந்த விடுமுறைக்கால உணவு, விளையாட்டுத் திட்டத்தை 2021இல் இங்கிலாந்து முழுவதற்கும் விரிவாக்கியது.

அந்தத் திட்டம் வெறும் சாப்பாட்டுடன் நிற்கவில்லை. கோடையில் நான்கு கிழமை, கிழமைக்கு நான்கு நாள், நாளுக்கு நான்கு மணித்தியாலம் பிள்ளைகளைப் பாடசாலையிலோ விளையாட்டு மண்டபத்திலோ சேர்த்து, விளையாட்டும் கைவேலையும் கற்றுக்கொடுத்து, சாப்பாடும் கொடுப்பது. உயிர்த்த ஞாயிறு, நத்தார் விடுமுறைகளுக்கும் ஒவ்வொரு கிழமை உண்டு. தாய் வேலைக்குப் போகலாம், பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பான இடம். எமது சகோதரி எழுதினாரே, பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது என்று. அந்த முடிச்சை இது கொஞ்சம் அவிழ்க்கிறது.

கணக்குப் பார்த்தால் குறையும் தெரியும். ஆறு கிழமை விடுமுறையில் பாடசாலை நாளாக இருந்திருக்கக்கூடியவை முப்பது. இந்தத் திட்டம் மூடுவது பதினாறு. தூரத்தில் இருப்பவர்கள் பிள்ளையைக் கூட்டிப்போக பஸ்ஸுக்குக் காசு வேண்டும். முன்கூட்டிப் பதிய வேண்டும், படிவம் ஆங்கிலத்தில். அங்கே அகதி அந்தஸ்துக் கேட்டு அரசாங்க உதவியில் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் பாடசாலை இலவச உணவுக்கு உரித்துடையவர்கள். எமது பிள்ளைகளும் அந்த வரிசையில் நின்றிருக்கிறார்கள். அரசாங்கப் பண உதவி பெற முடியாது என்று விசாவில் குத்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 2020க்கு முன் இந்த உணவு பொதுவாகக் கிடைக்கவில்லை. கொரோனாக் காலத்தில் தற்காலிகமாக அவர்களைச் சேர்த்து, 2022இல் நிரந்தரமாக்கினார்கள். உதவி இருக்கிறது என்று தெரிந்தாலும், கேட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று பயந்து கேட்காமல் விட்ட தாய்மாரை நான் அறிவேன்.

அமெரிக்காவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அங்கே கோடை விடுமுறை இன்னும் நீளம், இரண்டரை மாதத்துக்கு மேல் போகும். 2011இலிருந்து சில மாநிலங்களில், விடுமுறையில் பிள்ளைக்கு உரிய பணத்தை ஓர் அட்டையில் போட்டுத் தாயின் கையிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். அந்த அட்டைக்கு உணவு மட்டும்தான் வாங்கலாம். ஆய்வு செய்தபோது, மிக மோசமான நிலையில் பசித்திருந்த பிள்ளைகளின் தொகை மூன்றில் ஒரு பங்கால் குறைந்திருந்தது. மாதம் 60 டொலர் கொடுத்த வீடுகளில் பழமும் மரக்கறியும் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். சாராயத்துக்குப் போய்விடும், கண்டதுக்கும் போய்விடும் என்று பேசுபவர்களுக்கு இந்த முடிவை வாசித்துக் காட்டலாம். 2024இலிருந்து அது நிரந்தரத் திட்டமானது. தகுதியுள்ள பிள்ளைக்குக் கோடை முழுவதற்கும் 120 டொலர். சேர்வதா இல்லையா என்பதை மாநிலங்களிடம் விட்டார்கள். முதல் ஆண்டிலேயே பல மாநிலங்கள் வேண்டாம் என்றன. ஐயோவா மாநில ஆளுநர் சொன்ன காரணங்களில் ஒன்று, பிள்ளைகள் அளவுக்கு மீறிப் பருத்துப் போகிறார்கள் என்பது. நெப்ராஸ்கா ஆளுநரும் முதலில் மறுத்து, 2024 பெப்ரவரியில் மனம் மாறினார். மனம் மாறினாரே, அந்த மட்டில் நல்லது.

எமது நாட்டுக்கு வருவோம். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது பாடசாலையில் பணிஸ் தருவார்கள். சூடாக இருக்காது, சில நாள் கல்லுப் போலவும் இருக்கும். ஆனாலும் அதில் பாதியைக் கடித்துவிட்டு மீதியைத் தம்பிக்கு என்று பையில் வைத்துக்கொண்டு போகும் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். விடுமுறையில் அந்தத் தம்பி என்ன செய்தான் என்று அன்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை, ஆசிரியர் உட்பட. இன்று ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குச் சோறும் பருப்பும் முட்டையும் கீரையும் என்று பாடசாலை உணவு எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. பல பாடசாலைகளில் அதைச் சமைப்பவர்களே உங்களைப் போன்ற தாய்மார்தான். ஆனால் அது பாடசாலை நடக்கும் நாட்களுக்கு மட்டும் உரிய திட்டம். தவணை முடிந்ததும் அடுப்பும் அணைந்துவிடும். சமைத்த தாய்க்கும் வருமானம் நின்றுவிடும், அது வேறு.

எனவே கடிதம் எழுதிய சகோதரிக்கும், எழுதாமல் இருக்கும் மற்றவர்களுக்கும் சொல்வது இது.

முதலில் மூன்று வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் நிறை குறைவாக இருந்தால் திரிபோஷா கிடைக்க வழியிருக்கிறது. அதற்கும் பாடசாலை விடுமுறைக்கும் தொடர்பில்லை. சிகிச்சை நிலையத்துக்குப் போக முடியாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லி அனுப்புங்கள். கையிருப்பு இல்லாத மாதங்களும் இருந்திருக்கின்றன, உண்மைதான். இல்லை என்றால் இல்லை என்பதையும் பதிவேட்டில் திகதியோடு குறித்து வையுங்கள்.

அடுத்தது பாடசாலை போகும் இரண்டு பேரும். பாடசாலையில் தராசு இருக்கும், இல்லாவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இருக்கும். தவணை முடியும் கடைசி நாளில் பிள்ளைகளை நிறுக்கச் சொல்லி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளை மட்டும் நிறுக்கச் சொல்ல வேண்டாம், அது பிள்ளைக்கு வெட்கம். வகுப்பு முழுவதையும் நிறுக்கட்டும். அடுத்த தவணை தொடங்கும் முதல் நாளில் திரும்பவும் அதே தராசில் நிறுக்கட்டும். பெரிய வேலை இல்லை, ஒரு பாட நேரம் போதும். நான் பேசிப் பார்த்த இரண்டு ஆசிரியைகள் செய்யலாம் என்றுதான் சொன்னார்கள்.

பிறகு அந்த இரண்டு எண்களையும் கொண்டு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். தனியே போக வேண்டாம், இரண்டு மூன்று தாய்மாராகப் போங்கள். "என்னால் சோறு போட முடியவில்லை" என்று தொடங்கத் தேவையில்லை. "மூன்றாம் வகுப்பில் இத்தனை பிள்ளைகளுக்கு இந்த விடுமுறையில் நிறை குறைந்திருக்கிறது" என்று தொடங்குங்கள். விடுமுறையில் கிழமைக்கு இரண்டு நாளாவது அதே அடுப்பை மூட்ட முடியுமா, அரிசியும் பருப்பும் யாரிடம் கேட்கலாம், மரக்கறி எந்த வீட்டுத் தோட்டத்தில் இருந்து வரும், நிழலில் பிள்ளைகளை வைத்துப் பார்க்க யார் யார் முறைக்கு வருவார்கள் என்பதெல்லாம் அங்கே பேசக்கூடியவை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் உயிரோடு இருக்கும் கிராமங்களில் இது இலகுவாக இருக்கும். பிரதேச செயலகத்துக்கு எழுதுகிற கடிதத்திலும் அந்த எண்கள் இருக்கட்டும். எல்லாம் உடனே நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பிரித்தானியாவில் அவ்வளவு பேரும் புகழும் உள்ள விளையாட்டு வீரர் கேட்டும் இரண்டு தடவை மறுத்துத்தான் கொடுத்தார்கள்.

பெத்த பிள்ளைக்குச் சோறு போட ஏலாதா என்று அந்தக் கூட்டத்தில் யாராவது கேட்டால், கோபப்படாமல் கொப்பியைத் திறந்து இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

நிறுத்துப் பார்த்தவர்கள், பிள்ளையின் வயது, வகுப்பு, விடுமுறைக்கு முன் நிறை, பின் நிறை ஆகியவற்றை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். பெயரும் ஊரும் போடமாட்டோம். அடுத்த தவணை தொடங்கிய பிறகு வரும் இதழில், வந்த கணக்குகளை இதே பக்கத்தில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா